பன்றிக்கறிச் சட்டிக்குள் காரீயம்: ஐரோப்பாவின் வேட்டைத் தோட்டா விவாதமும் நாமும்

செப்டெம்பர் நடுப்பகுதியில் தொடங்கி பெப்ரவரி முடியும்வரை பிரான்சின் பெரும்பாலான மாவட்டங்களில் வேட்டைக் காலம். இந்த மாதங்களில் பாரிஸ் உணவகங்களின் குசினிகளில் மான், காட்டுப்பன்றி, காட்டுத்தாரா என்று இறைச்சி வந்து இறங்கும். அதைத் துப்புரவாக்கி, வெட்டி, சிவப்பு வைனில் ஊறவைத்து அடுப்பில் ஏற்றுகிற கைகளில் கணிசமானவை எங்கள் கைகள். மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிற பத்ரோன்மாரும் உண்டு. பாரிசுக்கு வெளியே வேலை செய்கிற எம்மவர் ஒருவர், பழகிய வேட்டைக்காரரிடம் அரைப்பன்றி பேசி வாங்கி, லா கூர்னெவ், பொபினி, சார்செல் என்று நாலைந்து வீடுகளுக்குப் பங்கு போடுவதும் புதிதல்ல. லாச்சப்பலில் எல்லாம் வாங்கலாம், வன்னிக் காட்டுப்பன்றியின் ருசியை மட்டும் வாங்க முடியாது என்று சொல்லிக்கொள்கிற ஒரு தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பங்கு இறைச்சி வெறும் இறைச்சியல்ல.

ஆகவே, வேட்டைத் துவக்கின் சன்னம் எந்த உலோகத்தில் இருக்கவேண்டும் என்று பிரசெல்சில் நடக்கிற இழுபறியை, துவக்கு வைத்திருக்கிற வெள்ளைக்காரரின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சன்னத்தின் ஒரு பகுதி எங்கள் சட்டிக்குள் வருகிறது.

முதலில் விவாதம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் ஈயச் சிதறுகுண்டுகளால் சுடுவது 2023 பெப்ரவரி 15 முதல் தடை. பிரான்சில் நீர்நிலைகளுக்கான இப்படியொரு தடை 2006 முதலே இருந்தது. இதைத் தாண்டி, எல்லா நிலங்களிலும், றைபிள் தோட்டாக்கள் உட்பட, ஈயத்தை ஒழிக்கவேண்டும் என்ற முன்மொழிவை ஹெல்சிங்கியிலுள்ள ஐரோப்பிய இரசாயனப் பொருட்கள் முகவரகம் 2021இல் முன்வைத்தது. வேட்டை, விளையாட்டுத் துப்பாக்கிச் சூடு, மீன்பிடி ஆகிய மூன்றிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 44,000 தொன் ஈயம் ஐரோப்பிய மண்ணிலும் நீரிலும் சேர்கிறது என்பது அந்த முகவரகத்தின் கணக்கு. இதில் வேட்டையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் மனிதர் வாய்க்குள் நேராகப் போவது அந்தப் பங்குதான். ஐரோப்பிய ஆணைக்குழு 2025 பெப்ரவரியில் சட்ட வரைபை வெளியிட்டது. அதன்பின் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் கூடும் குழுவில் பேச்சு இழுபட்டது.

காத்திருக்காத நாடுகளும் உண்டு. டென்மார்க் 1996இலேயே ஈயச் சிதறுகுண்டைத் தடைசெய்தது. 2024 ஏப்ரல் 1 முதல் வேட்டை றைபிள்களின் ஈயச் சன்னத்தையும் தடைசெய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவும் மூன்று ஆண்டு அவகாசத்துடன் தடை கொண்டுவரப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. அங்கே இதற்குக் காரணமாக இருந்தது கொண்டோர் என்ற பெருங்கழுகு. வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போன குடலையும் கழிவையும் தின்று, அதிலிருந்த ஈயத்தால் செத்து, 1980களில் இருபத்துச்சொச்சமாகக் குறைந்துபோன பறவை அது. பிரினே மலையின் கழுகுகளைப் பற்றியும் இதே கவலை உண்டு.

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். ஊரில் பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசினோமே, அதில் சமைத்துச் சாப்பிட்டு யார் செத்தார் என்று கேட்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பாத்திரத்துக்குப் பூசியது வெள்ளீயம். அது வேறு உலோகம். சன்னத்தில் இருப்பதும், மீன்வலைக்குக் கட்டுகிற குண்டில் இருப்பதும் காரீயம். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது.

பன்றிக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் பிரான்ஸ் முழுவதிலும் ஒரு பருவத்தில் சுடப்பட்ட காட்டுப்பன்றிகள் 50,000ஐ எட்டவில்லை. இப்போது அது எட்டு இலட்சத்துக்கும் மேல். சோளப் பயிர்ச்செய்கை விரிந்தது, குளிர்காலம் இளகியது, வேட்டைக்காரரே பன்றிகளுக்குத் தீனி போட்டு வளர்த்தார்கள் என்று காரணம் பல சொல்லப்படுகிறது. மறுபக்கத்தில் வேட்டைக்காரர் தொகை அரைவாசிக்கும் கீழே போய், இப்போது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். அதாவது குறைந்த கைகள், கூடின பன்றிகள். விவசாயிக்குப் பயிர்ச்சேத நட்டஈட்டை வேட்டைச் சங்கங்களே கட்டவேண்டும் என்ற முறை இந்த நாட்டில் அரை நூற்றாண்டாக இருப்பதால், சுடு சுடு என்ற நெருக்குதலும் சேர்ந்துகொள்கிறது. பன்றி இறைச்சி மலிவாகவும் இலகுவாகவும் கைக்கு வருவதன் பின்னணி இதுதான்.

இந்தப் பன்றிகளை எதனால் சுடுகிறார்கள்? பிரெஞ்சுச் சட்டப்படி பெரிய மிருகத்தைச் சிதறுகுண்டால் சுடமுடியாது. தனிச்சன்னம், அல்லது அம்பு. றைபிள் சன்னமானால் 100 மீற்றரில் குறைந்தது 1,000 ஜூல் சக்தியோடு போய்த் தாக்கவேண்டும். எனவே நடுத்தரக் குழல் அளவுகளே வேட்டைக்காரர் கையில் பரவலாக இருக்கின்றன: 7×64, .308 வின்செஸ்ரர், .30-06, .300 வின்செஸ்ரர் மக்னம், பன்றிக்கென்றே பலர் விரும்பும் 9.3×62. இதில் ஒரு பிரெஞ்சு விசேஷம் உண்டு. 1939ஆம் ஆண்டின் ஆயுதச் சட்ட மரபுப்படி இராணுவத்தின் தோட்டாவைச் சாதாரண குடிமகன் வைத்திருக்கக்கூடாது. .308உம் .30-06உம் இராணுவத் தோட்டாக்களாகக் கருதப்பட்டதால், உலகம் முழுவதும் வேட்டைக்குப் பாவித்த அவற்றை பிரெஞ்சுக்காரர் தொடமுடியாமல் இருந்தார்கள். 7×64 இந்த நாட்டில் அவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். 2012 மார்ச்சில் நிறைவேறி 2013 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இந்தப் பழைய வேலியை நீக்கி, துவக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை வைத்து ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தியது. குண்டின் அளவைப் பார்த்துப் பயந்த அரசு, அதன் உலோகத்தைப் பார்க்கவே இல்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் சன்னம். வன்னியில் இடியன் துவக்கைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. குழலுக்குள் மருந்தைக் கொட்டி, தும்பை வைத்து இடித்து, சன்னத்தைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடித்துத்தான் அதைச் சுடுவார்கள். பெயரே அப்படி வந்ததுதான். சுட்ட தோட்டாவின் வெறுங்கோதைப் பத்திரமாக எடுத்துவைத்துத் திரும்ப அடைத்துப் பாவித்த கிராமங்களும் எங்களுடையவை. ஐரோப்பிய வேட்டைக்காரரில் ஒரு பகுதியினர் வீட்டு மேசையில் செய்கிற வேலையும் அடிப்படையில் இதுதான். தராசு மட்டும் மில்லிகிராம் காட்டும். செலவு குறையும், தன் துவக்குக்குப் பொருந்துகிற சன்னத்தைத் தானே தெரிவு செய்யலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பிரான்சில் வேட்டை அனுமதிப்பத்திரமோ சுடுதல் விளையாட்டு உரிமமோ இல்லாதவருக்குக் கடைக்காரர் மருந்தும் கேப்பும் விற்கமாட்டார். கையால் அடைத்த தோட்டா தன் பாவனைக்கு மட்டும்; சந்தைக்கு வரும் தோட்டா சோதனை நிலையத்தின் அங்கீகாரத்தைத் தாண்டவேண்டும். பிரான்சின் சோதனை நிலையம் சென்ற் எத்தியேனில் இருக்கிறது.

சன்னத் தெரிவில்தான் எங்கள் கதையின் முடிச்சு இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் இருக்கும் சன்னம், வெளியே மெல்லிய செம்புறை, உள்ளே காரீயம் என்ற அமைப்பு. காரீயம் மெதுமையானது. மிருகத்தின் உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். மிருகம் சீக்கிரம் விழும். அது வேட்டைக்காரருக்கும் தேவை, வதைபடாமல் சாவதால் மிருகத்துக்கும் நல்லது. ஆனால் விரிகிறபோது அது உடைகிறது. சாதாரண ஈயச் சன்னம் தன் எடையில் கால்வாசியையோ அதற்கு மேலேயோ உடலுக்குள் உதிர்த்துவிட்டுப் போவது சர்வசாதாரணம். எலும்பில் பட்டால் இன்னும் கூட. உதிர்வதில் சில துண்டுகள் அரிசிமணி அளவு, பெரும்பாலானவை தூள். எக்ஸ்றே எடுத்துப் பார்த்தவர்கள், காயத்தின் பாதையிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு அப்பாலும் அந்தத் தூள் பனிபோலச் சிதறிக் கிடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் ஒரு வைத்தியர், ஏழைகளுக்கு வழங்கவென வேட்டைக்காரர் நன்கொடையாகக் கொடுத்த அரைத்த மானிறைச்சிப் பொதிகளை ஸ்கான் செய்தார். பாதிக்கும் மேற்பட்ட பொதிகளில் உலோகத் துகள் இருந்தது. மாநில அரசு அந்த இறைச்சியை விநியோகிக்கவேண்டாம் என்று நிறுத்தியது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களும் அதே இறைச்சியைத்தான் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அனுபவ அறிவு பிசகுகிற இடம் இதுதான். ஊரில் சொட்கன் தோட்டாவில் விழுந்த பன்றியைச் சாப்பிட்டவர்களுக்கு, கறிக்குள் ஈயக்குண்டு வரும் என்பது தெரியும். பல்லில் ‘டக்’ என்று படும், எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பாடு தொடரும். குண்டைக் கண்டால் ஆபத்து வெளியே வந்துவிட்டது என்ற கணக்கு அது. அந்தக் கணக்கே முழுதாகச் சரியல்ல, றைபிளுக்கோ அது அறவே பொருந்தாது. பல்லில் படாத தூள், கண்ணில் தெரியாத தூள், எந்தத் தட்டின் ஓரத்துக்கும் வராது. காயம்பட்ட இடத்தைக் கைவிரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தால் போதும் என்று குசினிகளில் சொல்லிக்கொடுப்பதும் போதாது.

சமையலுக்கும் இதில் பங்கு உண்டு. காரீயம் புளிப்பில் கரையும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஈயக்குண்டு இருந்த காடை இறைச்சியை வினாகிரி சேர்த்தும் சேர்க்காமலும் சமைத்துப் பார்த்தபோது, வினாகிரி சேர்த்ததில் இறைச்சிக்குள் இறங்கிய ஈயம் பலமடங்கு கூடியிருந்தது. குண்டை எடுத்துவிட்ட பிறகும் இறைச்சியில் ஈயம் மிஞ்சியது. பிரெஞ்சுக்காரர் காட்டுப்பன்றியை ஒரு நாள் முழுதும் வைனில் ஊறப்போடுகிறார்கள். நாமோ பழப்புளியோ கொறுக்காய்ப்புளியோ வினாகிரியோ இல்லாமல் பன்றிக்கறி வைப்பதே இல்லை. பிரட்டல் இரண்டாம் நாள் சூடுகாட்டினால்தான் ருசி என்பதும் எங்கள் வீட்டு நியாயம். ஈயத்தைப் பொறுத்தவரை, புளிக்குள் ஒரு இரவு கூடக் கிடப்பது எதற்கும் உதவாது. புளி விடாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? புளியில்லாத பன்றிக்கறியைவிடச் செம்புச் சன்னத்தில் விழுந்த பன்றியைத் தேடுவது நடக்கக்கூடிய காரியம்.

பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகவரகமான ஆன்செஸ் 2018இல் வெளியிட்ட அறிவுரை இந்த விடயத்தில் ஒளிவுமறைவில்லாதது. பெரிய வேட்டை மிருகங்களின் இறைச்சியை ஆண்டுக்கு மூன்று தடவை அளவில் மட்டுப்படுத்துங்கள். பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களும் சிறுவர்களும் அறவே தவிர்க்கவேண்டும் என்கிறது அது. சாதாரணப் பன்றி, மாடு, ஆடு, கோழி இறைச்சிக்கு ஒரு கிலோவில் 0.10 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. சுடப்பட்ட காட்டு மிருகத்துக்கு அப்படி வரம்பே இல்லை. கடைப்பன்றிக்கு ஒரு நீதி, காட்டுப்பன்றிக்கு இன்னொரு நீதி. ஆன்செஸின் அறிவுரை எங்கள் மக்களில் எத்தனை பேர் காதில் விழுந்தது என்பதை வாசகர்களே யோசிக்கலாம்.

சிறுவர்களைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்தவர் உடல் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை ஏற்றால், சிறுபிள்ளையின் உடல் அரைவாசியையும் ஏற்கக்கூடும். அது மூளை வளரும் வயது. இவ்வளவுக்குக் கீழே என்றால் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய ஓர் அளவு இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இலேயே சொல்லிவிட்டது. தாயின் எலும்பில் வருடக்கணக்காகத் தங்கிய ஈயம் கர்ப்பகாலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். வேட்டை இறைச்சியிலுள்ள ஈயத்தைத் தடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 7,000 ஐரோப்பியப் பிள்ளைகளின் அறிவுத்திறன் இழப்பைத் தவிர்க்கலாம் என்று ஹெல்சிங்கி முகவரகம் மதிப்பிட்டது. இவர்கள் வேட்டைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தக் கணக்கில் உணவகக் குசினி வழியாக இறைச்சி போகும் வீடுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் எங்கள் வீடுகளில் காரீயம் ஏற்கெனவே குடியிருக்கக்கூடும். பாரிசின் பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்களிலும் சென்-சென்-தெனி மாவட்டத்திலும் பழைய கட்டடங்களின் சுவர்ப்பூச்சில் ஈயம் உண்டு. 1949க்கு முன் கட்டிய வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஈயப் பரிசோதனை அறிக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்வது அதனால்தான். பூச்சு உதிர்ந்த ஜன்னலோரத்தில் விளையாடுகிற பிள்ளைக்கு, மாதத்தில் இரண்டு தரம் பன்றிக்கறியும் கொடுத்தால், இரண்டும் ஒரே கணக்கில் கூடும். 2019 ஏப்ரலில் நொத்ர் டாம் தேவாலயம் எரிந்தபோது கூரையிலிருந்த சுமார் 400 தொன் ஈயத்தைப் பற்றி முழு நகரமும் பதறியது. சுற்றுவட்டாரப் பாடசாலை முற்றங்களைக் கழுவினார்கள், பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. புறநகர்ப் பிள்ளையின் தட்டில் விழுகிற ஈயத்துக்கு அந்தப் பதற்றம் ஒருநாளும் வந்ததில்லை.

சரி, மாற்று என்ன? முழுக்க முழுக்கச் செம்பில் அல்லது செம்புக் கலவையில் செய்த சன்னம். 1989இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் சந்தைக்கு விட்ட எக்ஸ் என்ற சன்னம் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. அதைச் செய்தவர்கள் ஈய நஞ்சை யோசித்துச் செய்யவில்லை; பெரிய மிருகத்தில் உடையாமல் ஆழமாகப் போகும் சன்னமே அவர்களின் தேவை. நுனியில் குழி இருக்கும். பட்டதும் நாலு இதழாக விரியும், இதழ் உடையாது, ஏறத்தாழ முழு எடையோடும் மறுபக்கத்தால் வெளியேறும். இறைச்சியில் மிஞ்சுவது மிகக் குறைவு, மிஞ்சுகிற செம்பும் காரீயம்போல் நஞ்சல்ல.

வேட்டைக்காரர் சொல்கிற மறுப்புகளை நாம் அப்படியே தள்ளிவிடவும் கூடாது. செம்பு, ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். பழைய துவக்குகளின் குழலுக்குள் இருக்கும் முறுக்கு, நீளமான சன்னத்தைச் சரியாகச் சுழற்றாமல் விடலாம். அப்போது குறி தவறும். வேகம் குறைந்த தூரத்தில் சன்னம் விரியாமல் ஊசிபோல ஊடுருவிப் போய், மிருகம் காயத்தோடு ஓடிச் செத்துப்போகலாம். கையால் அடைப்பவர்கள் ஈயச் சன்னத்துக்குப் பழகிய மருந்தின் அளவைச் செம்புக்கு அப்படியே போட்டால் குழலில் அழுத்தம் எகிறும். சன்னத்தைச் செய்த நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும். இவை உண்மையான சிக்கல்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது: ஒரு படி எடை குறைந்த சன்னம், கொஞ்சம் கூடின வேகம், வேட்டைக்கு முன் சுடுதளத்தில் அரைநாள். பிரெஞ்சுப் பன்றி வேட்டை பெரும்பாலும் ஆட்களும் நாய்களும் கலைத்து வர, வரிசையில் நிற்பவர்கள் கிட்டத்தில் சுடுகிற முறை. அந்தத் தூரத்தில் வேகம் குறைகிற பிரச்சினையே எழாது. சொல்லப்போனால், தன் தோட்டாவைத் தானே அடைக்கிற வேட்டைக்காரருக்கே மாறுவது ஆகச் சுலபம். கடைப்பெட்டி வாங்குகிறவர் கடைக்காரர் வைத்திருப்பதைத்தான் வாங்கமுடியும்.

செம்பு கல்லில் பட்டால் கூடத் தெறிக்கும், ஆட்களுக்கு ஆபத்து என்ற வாதமும் உண்டு. றைபிள் சன்னம் எதுவானாலும் தெறிக்கும். தடையில்லாமல் போனால் மூன்று கிலோமீற்றரையும் தாண்டும். 2020 டிசெம்பரில் லொட் மாவட்டத்தில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரைக் கொன்றது உலோகத்தின் குற்றமல்ல. பன்றி என்று நினைத்து, இன்னதென்று அடையாளம் காணாமல் சுட்டதன் விளைவு. காளான் பொறுக்கவும் நடக்கவும் இலையுதிர்காலக் காடுகளுக்குப் போகிற எம்மவர்கள் மனதில் வைக்கவேண்டியது அந்த வழக்கை.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலே போர் வந்து உட்கார்ந்திருக்கிறது. உக்ரெயின் யுத்தத்தின்பின் ஐரோப்பாவில் வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு. பருத்தியின் குறுநாரிலிருந்து செய்யப்படும் நைட்ரோசெல்லுலோசுதான் புகையில்லா மருந்தின் மூலப்பொருள். பீரங்கிக்கும் அதுதான், பன்றித் தோட்டாவுக்கும் அதுதான். பிரான்ஸ் கைவிட்டிருந்த பீரங்கி மருந்து உற்பத்தியைத் தொர்தோன் மாவட்டத்தின் பெர்ஜெராக்கில் மீண்டும் தொடங்கியது. 2024 ஏப்ரலில் ஜனாதிபதி மக்றோன் நேரில் போய் அடிக்கல் நாட்டினார். மருந்து, கேப்பு, தோட்டா எல்லாவற்றின் விலையும் ஏறிவிட்டது. இந்த நேரத்தில் ஈயத்தையும் தடைசெய்தால் தோட்டாத் தொழிற்சாலைகள் தள்ளாடும், அது பாதுகாப்புக்கே ஆபத்து என்று செக் குடியரசு உள்ளிட்ட சில நாடுகள் வாதிடுகின்றன. இராணுவத்துக்கும் பொலிசுக்கும் இந்தத் தடை பொருந்தாது என்று வரைபே சொல்கிறது. யுத்தத்தைக் காட்டி வேறு காரியத்தை ஒத்திவைக்கிற கலையை நாங்கள் நன்றாகவே அறிவோம். எங்கள் பார்வையில் இந்த வாதத்தின் எடை, செம்புச் சன்னத்தின் எடையைவிடக் குறைவு. டென்மார்க்கும் நேட்டோ நாடுதான். உக்ரெயினுக்கு அள்ளிக் கொடுத்த நாடுகளில் ஒன்று. அது ஈயத்தைத் தடைசெய்துவிட்டு உடைந்துபோகவில்லை.

தாயகத்தின் நிலைமை வேறு. அங்கே பயிரை அழிக்கிற பன்றிக்கு எதிராக விவசாயியிடம் இருப்பது றைபிளும் அல்ல, சன்னத் தெரிவும் அல்ல. அனுமதிபெற்ற சொட்கன் சிலரிடம். மற்றவர்களிடம் கட்டுத்துவக்கு, இடியன், மின்கம்பி, தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கபட்டாஸ். பன்றிக்கு வைத்த அந்த வெடியைக் கடித்து வாய் சிதறி, தின்னமுடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிற யானைகளின் படங்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கட்டுத்துவக்கில் கால் இழந்த மனிதர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். கேரளத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் உரிமம் பெற்ற சுடுநர்களை நியமித்துச் சுடுவிக்கின்றன, உடலைப் புதைக்கவேண்டும் என்பது விதி. அங்கே புதைகிற இறைச்சி இங்கே விருந்து. ஈயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கேரளத்துப் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. இப்படியொரு ஒப்பீட்டை எழுதவேண்டி வரும் என்று நாமே எதிர்பார்க்கவில்லை.

சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் சில உண்டு. நேரடியாக வேட்டைக்காரரிடம் இறைச்சி வாங்குகிறவர், எந்தச் சன்னத்தால் சுட்டது என்று கேட்கலாம். ‘சான் புளோம்’, அதாவது ஈயமற்றது, என்ற இரண்டு சொல் போதும். செம்பு பாவிக்கிறவர் பெருமையாகவே சொல்வார். ஈயம் என்றால் சூடுபட்ட தோளையும் விலாவையும் விட்டு, தூரத்திலுள்ள பின்தொடையை வாங்குவது மேல். அரைத்த இறைச்சி வேண்டாம். ஒரு துளி தூள் முழுப்பொதிக்கும் பரவியிருக்கும். கூடவே, திரிகின் என்ற புழுவுக்குப் பரிசோதித்ததா என்பதும் கேள்வி. உணவகத்துக்கோ சங்க விருந்துக்கோ போகும் காட்டுப்பன்றிக்கு அந்தப் பரிசோதனை கட்டாயம், வேட்டைக்காரர் தன் வீட்டில் சாப்பிடுவதற்கு அல்ல. பங்கு இறைச்சி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. குளிரூட்டியில் வைத்தால் எல்லாப் புழுவும் செத்துவிடும் என்பது சரியல்ல, உள்வரை நன்றாக வேகவேண்டும். நல்ல காலம், அரைவேக்காட்டில் பன்றி சாப்பிடும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

குசினியில் நிற்கிற தம்பிமாருக்கும் ஒரு விடயம். காயத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டி எறிவது என்பதில் பத்ரோன் கணக்குப் பார்ப்பார், கிலோ விலை அப்படி. அந்த வெட்டின துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறுபிள்ளை இருக்கும் வீடு, பழைய கட்டடம், காட்டுப்பன்றி அடிக்கடி சமைக்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால், தாய்-சேய் நிலையத்திலோ குடும்ப வைத்தியரிடமோ இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ‘புளோம்பெமி’ என்பது அந்தப் பரிசோதனையின் பெயர். ஒரு லீற்றர் இரத்தத்தில் 50 மைக்றோகிராமைத் தொட்டால் அதைச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது வைத்தியரின் கடமை. அதன்பின் வீட்டுச் சுவரைப் பார்க்க ஆள் வரும். சட்டியைப் பற்றி அவர்கள் தாமாகக் கேட்பார்கள் என்று இருக்கவேண்டாம், நாம்தான் சொல்லவேண்டும்.